வாங்கிய டிஜிட்டல் திரைப்படம் ஓடவில்லை: ஸ்ட்ரீமிங்கிலும் பதிவிறக்கத்திலும் வரும் கோளாறுகளை அறிகுறி கொண்டு நீக்கும் வழிமுறை

பணம் கொடுத்து வாங்கிய ஒரு திரைப்படம் திரையில் ஓட மறுக்கும்போது, பலரும் முதலில் செய்வது செயலியை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவுவதுதான். அந்த ஒரு செயல், ஏற்கெனவே பதிவிறக்கி வைத்திருந்த படங்கள் அனைத்தையும் அழித்துவிடும். கோளாறு இணைய இணைப்பில் இருந்திருந்தால், அழிந்தவற்றை மீண்டும் இறக்குவதும் கடினமாகிவிடும். ஆகவே எதையும் நீக்குவதற்கு முன்னால், கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கண்டறிந்துகொள்ள வேண்டும்.

இணையக் கடையில் வாங்கிய படம் ஓடுவதற்கு மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். படத்தின் தரவு உங்கள் சாதனத்துக்கு வந்து சேர வேண்டும். குறியாக்கம் செய்து பூட்டப்பட்டிருக்கும் அத்தரவைத் திறக்கும் சாவி சாதனத்துக்குக் கிடைக்க வேண்டும். அந்தச் சாவியைக் கேட்டுப் பெறும் உரிமை உங்கள் கணக்கின் பெயரில் கடையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் இம்மூன்றும் ஒவ்வொரு முறையும் இணையத்தின் வழியாகவே நடைபெறுகின்றன. பதிவிறக்கத்தில் தரவு முன்கூட்டியே வந்து சாதனத்தில் தங்கிவிடுகிறது. சாவியும் உடன் வருகிறது என்றாலும், பல கடைகளில் அதற்கு ஒரு காலக்கெடு உண்டு. உரிமையோ வழக்கம்போலக் கடையின் பதிவேட்டிலேயே இருக்கிறது. பதிவிறக்கி வைத்துவிட்டால் இனிக் கவலையில்லை என்ற நம்பிக்கை பொய்த்துப்போவதற்கு இதுவே காரணம். தரவு வந்து சேராத சிக்கலைப் பதிவிறக்கம் முழுமையாகத் தீர்க்கிறது. மற்ற இரண்டையும் அது தள்ளிப்போடுகிறதே தவிரத் தீர்ப்பதில்லை.

கோளாறு இம்மூன்றில் எதைச் சேர்ந்தது என்பதை இரண்டு எளிய சோதனைகள் காட்டிக்கொடுத்துவிடும். அதே சாதனத்தில், அதே கடையில் வாங்கிய வேறொரு படத்தை ஓட்டிப் பாருங்கள். பிறகு, ஓட மறுத்த படத்தை அதே கணக்கில் நுழைந்து வேறொரு சாதனத்தில் ஓட்டிப் பாருங்கள். எல்லாப் படங்களும் ஒரே சாதனத்தில் மட்டும் தடுமாறினால், அந்தச் சாதனத்தையோ அது இருக்கும் இடத்தின் வைஃபையையோ கவனிக்க வேண்டும். ஒரே ஒரு படம் எல்லாச் சாதனங்களிலும் தடுமாறினால், உங்கள் பக்கத்தில் எதை மாற்றினாலும் பயன் இராது. கோளாறு கடையின் சர்வரிலோ உரிமப் பதிவிலோ இருக்கிறது. எல்லாப் படங்களும் எல்லாச் சாதனங்களிலும் நின்றுபோனால் இணைய இணைப்பையும் கணக்கையும் சந்தேகிக்கலாம். இந்தச் சோதனைகளின் முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு, கீழே உங்கள் அறிகுறிக்கு உரிய பகுதிக்குச் செல்லுங்கள்.

படம் தொடங்குகிறது, ஆனால் நின்று நின்று ஓடுகிறது

ஸ்ட்ரீமிங்கில் படம் ஒரே கோப்பாக வருவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் முறையிலும், 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான எம்பெக்-டேஷ் முறையிலும், படம் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரநிலைகளில் சர்வரில் வைக்கப்பட்டிருக்கும். இணைப்பின் வேகத்தை அளந்துகொண்டே, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என்று பிளேயர் முடிவு செய்கிறது. வேகம் சீராகக் குறைவாக இருந்தால் தரம் இறங்குமே தவிரப் படம் நிற்காது. படம் நிற்கிறது என்றால், வேகம் திடீர் திடீரென்று அறுந்துபோகிறது என்றோ, மிகக் குறைந்த தரத்துக்குக்கூடப் போதவில்லை என்றோ பொருள்.

வேகத்தை அளக்கும்போது, படம் ஓடும் சாதனத்திலேயே, அது இருக்கும் இடத்திலேயே அளக்க வேண்டும். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று கைபேசியில் அளந்த எண், சுவருக்கு அப்பால் இருக்கும் தொலைக்காட்சியைப் பற்றி எதுவும் சொல்லாது. முழு எச்டி படத்துக்கு 5 முதல் 8 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்) வரையிலும், 4கே படத்துக்கு 15 முதல் 25 எம்பிபிஎஸ் வரையிலும் நிலையாகக் கிடைத்தால் போதும். அதற்கு மேல் கிடைத்தும் படம் நின்றால், வேகத்தை விட்டுவிட்டு நிலைத்தன்மையைப் பாருங்கள். வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை தொலைவு வரை எட்டும், ஆனால் நெரிசல் மிகுந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் வலுக்குறைந்தது. ஒரே அறையில் இருந்தால் 5ஐத் தேர்ந்தெடுங்கள். கேபிள் இணைக்க முடிந்தால் அதுவே சிறந்தது. பல தொலைக்காட்சிகளின் கேபிள் துளை 100 எம்பிபிஎஸ் வரையே தாங்கும். அந்த எண்ணைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் கடைகளின் 4கே ஸ்ட்ரீமிங்குக்கு அதுவே தாராளம்.

பலர் கவனிக்கத் தவறும் ஒரு காரணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் யாருடைய கைபேசியேனும் புகைப்படங்களை மேகச் சேமிப்பகத்துக்குப் பதிவேற்றிக்கொண்டிருந்தால், பதிவேற்றத் தடம் முழுவதும் நிரம்பிவிடும். படத்தின் துண்டுகள் வந்து சேர்ந்ததாகச் சர்வருக்கு அனுப்ப வேண்டிய சிறு பதில்கள் அந்த நெரிசலில் சிக்கித் தாமதமாகும். அதனால் பதிவிறக்க வேகம் நன்றாக இருப்பதாக அளவி காட்டினாலும் படம் திணறும். பதிவேற்றத்தைச் சற்று நிறுத்திவிட்டுப் பாருங்கள். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் இயங்கிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

குறிப்பிட்ட மாலை நேரங்களில் மட்டும் படம் நிற்கிறது என்றால், அது இணைய நிறுவனத்தின் தடத்தில் உள்ள நெரிசல். வீட்டில் எதைச் சரிசெய்தாலும் அது போகாது. பதிவிறக்கம் தன் முழுப் பயனையும் தருவது இந்த இடத்தில்தான். 5 எம்பிபிஎஸ் வீதத்தில் பதிவான 2 மணி நேரப் படம் சுமார் 4.5 ஜிபி இருக்கும். 40 எம்பிபிஎஸ் இணைப்பில் அது 15 நிமிடத்தில் இறங்கிவிடும். 4 எம்பிபிஎஸ் இணைப்பில் இரண்டரை மணி நேரம் ஆகும். அதாவது, ஸ்ட்ரீமிங்கில் அந்தத் தரத்தில் பார்க்க முடியாத மெதுவான இணைப்பிலும், இரவில் இறக்கி வைத்துவிட்டால் மறுநாள் முழுத் தரத்தில் பார்க்கலாம்.

படம் எப்போதும் ஒரே நிமிடத்தில், எல்லாச் சாதனங்களிலும் நின்றால், சர்வரில் உள்ள அந்தத் துண்டு பழுதாகியிருக்கிறது. எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்துக் கடைக்கு எழுதுங்கள். அந்த விவரம் இருந்தால் அவர்கள் கோளாறை எளிதில் சரிபார்க்க முடியும்.

தடையின்றி ஓடுகிறது, ஆனால் படம் மங்கலாக இருக்கிறது

முதல் ஒரு நிமிடம் மட்டும் மங்கலாக இருந்து பிறகு தெளிந்தால், அது கோளாறு அன்று. பிளேயர் இணைப்பைச் சோதித்துவிட்டுத் தரத்தை உயர்த்துகிறது. கடைசி வரை மங்கலாகவே இருந்தால், முதலில் செயலியின் அமைப்புகளில் தரவுச் சேமிப்பு முறை இயங்குகிறதா என்று பாருங்கள். வாங்கியபோது எந்தத் தரத்தில் வாங்கினீர்கள் என்பதை ரசீதில் சரிபாருங்கள். சில கடைகளில் எஸ்டி எனப்படும் சாதாரணத் தரமும், எச்டி எனப்படும் உயர்தரமும் தனித்தனியாக விற்கப்படுகின்றன.

இவை சரியாக இருந்தும் படம் தெளியவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் சாவியின் பக்கம் இருக்கிறது. ஆண்ட்ராய்டு சாதனங்கள் பயன்படுத்தும் வைட்வைன் என்ற பூட்டு முறையில் எல்1, எல்2, எல்3 என்று மூன்று பாதுகாப்பு நிலைகள் உள்ளன. சாவியையும் படத்தையும் சிப்பின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே கையாளும் எல்1 சாதனங்களுக்குத்தான் உயர்தரத்தைக் கடைகள் அனுப்புகின்றன. மென்பொருளை மட்டும் நம்பும் எல்3 சாதனங்களுக்குப் பெரும்பாலும் எஸ்டி தரமே கிடைக்கும். கைபேசியின் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் மென்பொருளை) திறந்தவர்கள் எல்1 நிலையை இழப்பதும் உண்டு. கணினியிலும் இதே கதைதான். ஒரே படம், ஒரே கணக்கு, ஒரே கணினி என்றாலும், உலாவி மாறினால் தரம் மாறும். விண்டோஸில் எட்ஜ் உலாவி பிளேரெடி என்ற பூட்டு முறையையும், மேக்கில் சஃபாரி ஃபேர்பிளே என்ற பூட்டு முறையையும் வன்பொருள் துணையுடன் கையாள்வதால், அவற்றில் மற்ற உலாவிகளைவிடக் கூடுதல் தரம் கிடைப்பது வழக்கம். ஆகவே இணையச் சேவையைக் குறை சொல்வதற்கு முன் உலாவியை மாற்றிப் பாருங்கள்.

பதிவிறக்கிய படம், ஸ்ட்ரீமிங்கில் பார்த்த அதே படத்தைவிடத் தரம் குறைவாக இருக்கிறது என்று பலர் வருந்துகிறார்கள். இது உண்மையான வேறுபாடே. பதிவிறக்கத் தரத்தைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு தனியாக இருக்கிறது. இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அது பெரும்பாலும் நடுத்தரத்தில் வைக்கப்பட்டிருக்கும். அதை உயர்த்திய பிறகு, பழைய கோப்பை நீக்கி மறுபடியும் இறக்க வேண்டும். ஏற்கெனவே இறங்கிய கோப்பு தானாக உயராது. ஆனால் 4கே தரத்துக்கு இது பொருந்தாது. ஆப்பிளிடம் 4கே தரத்தில் வாங்கிய படத்தை அத்தரத்தில் ஸ்ட்ரீமிங் மூலமே பார்க்க முடியும். பதிவிறக்கும் போது எச்டி கோப்புதான் கிடைக்கும். உயர்ந்த தரம் வேண்டுமென்றால் ஸ்ட்ரீமிங், உறுதியாக ஓட வேண்டுமென்றால் பதிவிறக்கம் என்ற தேர்வைக் கடைகளே நம் மீது சுமத்தியிருக்கின்றன. வாங்கியவருக்கு இரண்டையும் தர வேண்டும் என்பதே என் கருத்து.

ஒலி கேட்கிறது, திரை கறுப்பாக இருக்கிறது

இது எச்டிசிபி எனப்படும் பாதுகாப்பின் தெளிவான அடையாளம். எச்டிஎம்ஐ கேபிளில் செல்லும் படத்தை இடையில் யாரும் பதிவு செய்துவிடாதபடி, அனுப்பும் சாதனமும் பெறும் திரையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 தேவை. மடிக்கணினி, இடையில் உள்ள ஸ்ப்ளிட்டர் (ஒரு கேபிளைப் பல திரைகளுக்குப் பிரிக்கும் கருவி) அல்லது ஒலிபெருக்கி ரிசீவர், தொலைக்காட்சி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பழையதாக இருந்தாலும் படம் மறுக்கப்படும், அல்லது குறைந்த தரத்துக்கு இறக்கப்படும். இடையில் உள்ள கருவிகளை எடுத்துவிட்டு, ஒரே கேபிளில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். தொலைக்காட்சியில் வேறொரு எச்டிஎம்ஐ துளைக்கு மாற்றுங்கள். சில மாதிரிகளில் எல்லாத் துளைகளும் 2.2ஐ ஏற்பதில்லை. பழைய விஜிஏ திரைக்கு மாற்றியின் வழியாக இணைத்திருந்தால், அந்தத் திரையில் பாதுகாக்கப்பட்ட படம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. திரையைப் பதிவு செய்யும் மென்பொருளோ, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருளோ பின்னணியில் இயங்கினாலும் இதே கறுப்புத் திரை வரும். அவற்றை மூடிவிட்டு உலாவியை மீண்டும் திறவுங்கள்.

பதிவிறக்கம் தொடங்கவில்லை, அல்லது பாதியில் நிற்கிறது

பதிவிறக்கும் பொத்தானே தென்படவில்லை என்றால், நீங்கள் பார்ப்பது எந்தச் சாதனம் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான கடைகள் கைபேசி, டேப்லெட் செயலிகளில் பதிவிறக்கத்தை அனுமதிக்கின்றன. தொலைக்காட்சியிலோ உலாவியிலோ அனுமதிப்பதில்லை. யூடியூபில் வாங்கிய படத்தைக் கைபேசிச் செயலியில் இறக்கலாம், தொலைக்காட்சியில் முடியாது. அத்துடன், சாதனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பழைய கைபேசியில் இறக்கி வைத்ததை நீக்கினால்தான் புதியதில் இறங்கும் என்ற நிலை வரலாம். கைபேசியை விற்பதற்கு முன்னரே பதிவிறக்கங்களை நீக்கிக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுவது நல்லது.

பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் சேமிப்பிடமே காரணம். 4.5 ஜிபி படத்துக்கு 5 ஜிபி இடம் இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். இயங்குதளத்துக்குத் தன் வேலைக்கென்று சில ஜிபி தேவைப்படும். வைஃபையில் மட்டும் பதிவிறக்கு என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது கைபேசித் தரவுக்கு மாறினாலும், மின்கலச் சேமிப்பு முறை பின்னணி வேலைகளை நிறுத்தினாலும் பதிவிறக்கம் உறைந்து நிற்கும். சார்ஜரில் இணைத்து, செயலியைத் திரையில் திறந்தே வைத்து முயலுங்கள். அப்போதும் நகரவில்லை என்றால், செயலியின் தற்காலிகக் கோப்புகளான கேஷை மட்டும் அழித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கேஷை அழிப்பதும் தரவை அழிப்பதும் வெவ்வேறு. இரண்டாவதைத் தொட்டால் அச்செயலியில் இறக்கிய எல்லாப் படங்களும் போய்விடும்.

பதிவிறக்கம் முடிந்தது, இணையம் இல்லாதபோது ஓடவில்லை

எல்லா அறிகுறிகளிலும் மிகுந்த ஏமாற்றத்தைத் தருவது இதுதான். ஏனென்றால் இணையம் இல்லாத இடத்துக்காகத்தான் படத்தையே இறக்கி வைத்தோம். கோப்பு முழுமையாகச் சாதனத்தில் இருந்தும் திறக்க மறுப்பதற்குப் பல காரணங்கள் இருக்கின்றன.

முதற்காரணம் உரிமக் காலம். பதிவிறக்கத்துடன் சேமிக்கப்படும் சாவி, வாங்கிய படமாகவே இருந்தாலும், சில கடைகளில் குறிப்பிட்ட நாட்களுக்கு ஒருமுறை சர்வரிடம் புதுப்பித்துக்கொள்ளப்பட வேண்டும். இணையத்தில் இணைந்து செயலியை ஒருமுறை திறந்தாலே இது பெரும்பாலும் தானாக நடந்துவிடும். ஆனால் மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருந்த டேப்லெட்டை நேராகப் பயணத்துக்கு எடுத்துச் சென்றால், வழியில் சாவி காலாவதியாகியிருப்பது தெரியவரும்.

அடுத்து சாதனத்தின் கடிகாரம். உரிமத்தின் காலத்தைச் சாதனம் தன் கடிகாரத்தைக் கொண்டே கணக்கிடுகிறது. மின்கலம் முழுவதும் தீர்ந்து மறுபடியும் உயிர்பெற்ற சாதனத்தில் தேதி தவறாக இருந்தாலோ, யாரேனும் கையால் மாற்றியிருந்தாலோ, உரிமம் செல்லாது என்று அது முடிவு செய்துவிடும். தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் தானியங்கி முறையில் வையுங்கள்.

கணக்கிலிருந்து வெளியேறினால் பல செயலிகளில் பதிவிறக்கங்களும் உடன் அழியும், அல்லது பூட்டப்படும். கடவுச்சொல்லை மாற்றும்போது எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தவர்கள், பயணத்துக்கு முன் ஒவ்வொரு சாதனத்திலும் மீண்டும் நுழைந்து சரிபார்க்க வேண்டும். மேலும், சேமிப்பிடம் மிகக் குறையும்போது, ஐபோனும் ஐபேடும் செயலிகள் இறக்கி வைத்த காணொளிகளைத் தாமாகவே நீக்கக்கூடும். நேற்று இருந்த படம் இன்று காணவில்லை என்றால், இடைப்பட்ட நேரத்தில் எடுத்த காணொளிகள் சேமிப்பிடத்தை நிரப்பியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்டில் எஸ்டி கார்டில் இறக்கியவர்களுக்கு ஒரு சொல்: கார்டைக் கழற்றி வேறொரு கைபேசியில் போட்டால், கோப்பு அங்கே தெரியலாம், ஆனால் ஓடாது. சாவி முதல் கைபேசியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே சரிபார்ப்பு போதும். கிளம்புவதற்கு முதல் நாள், சாதனத்தை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைஃபையும் அணைந்திருப்பதை உறுதிசெய்து, செயலியை முழுவதும் மூடி மீண்டும் திறந்து, இறக்கிய ஒவ்வொரு படத்தையும் தொடக்கத்தில் சிறிது, நடுவில் சிறிது, இறுதியில் சிறிது ஓட்டிப் பாருங்கள். பதிவிறக்கம் முடிந்தது என்ற குறி, கோப்பு வந்துவிட்டதை மட்டுமே சொல்கிறது. படம் ஓடும் என்பதற்கு இந்தச் சோதனையே சான்று.

கைபேசியில் இறக்கிய படம் தொலைக்காட்சிக்குப் போகவில்லை

தொலைக்காட்சியில் செருகும் குரோம்காஸ்ட் போன்ற கருவிக்குப் படத்தை அனுப்பும்போது, கைபேசி தன்னிடம் உள்ள கோப்பை அனுப்புவதில்லை. எந்தப் படம், எந்தக் கணக்கு என்ற தகவலை மட்டும் கொடுத்துவிட்டு அது விலகிக்கொள்கிறது; கருவிதான் இணையத்திலிருந்து படத்தை நேரடியாக எடுத்து ஓட்டுகிறது. எனவே தொலைக்காட்சி இருக்கும் இடத்தில் இணையம் இல்லையென்றால், கைபேசியில் இறக்கி வைத்ததால் எந்தப் பயனும் இல்லை. அங்கே தேவைப்படுவது எச்டிஎம்ஐ மாற்றியும் கேபிளும்தான். அதிலும் மேலே சொன்ன எச்டிசிபி பொருந்த வேண்டும். எல்லாக் கைபேசிகளின் யுஎஸ்பி-சி துளையும் காணொளியை வெளியே அனுப்புவதில்லை என்பதால், மாற்றியை வாங்குவதற்கு முன் கைபேசியின் விவரப் பட்டியலைப் பாருங்கள். கைபேசித் திரையை அப்படியே பிரதிபலிக்கும் முறையில் பாதுகாக்கப்பட்ட படங்கள் பெரும்பாலும் கறுப்பாகவே தெரியும்.

கோப்பை வெளி வன்தட்டுக்கு நகலெடுக்க முடியவில்லை, அல்லது நகலெடுத்தது ஓடவில்லை

முதலில், உங்களிடம் இருப்பது பூட்டுள்ள கோப்பா, பூட்டற்ற கோப்பா என்று தெரிந்துகொள்ளுங்கள். கைபேசிச் செயலிகள் இறக்கும் கோப்பு செயலிக்குள்ளேயே மறைந்திருக்கும். அதை வெளியே எடுத்தாலும் பயனில்லை. ஆப்பிளிடம் வாங்கிக் கணினியில் இறக்கிய கோப்பு பூட்டுள்ளதுதான் என்றாலும், அதை வெளி வன்தட்டுக்கு நகலெடுத்துப் பாதுகாக்கலாம். உங்கள் கணக்கில் அங்கீகாரம் பெற்ற கணினியில் அது ஓடும். ஒரு கணக்குக்கு 5 கணினிகள் வரை அங்கீகாரம் பெறலாம். பழைய கணினியை விற்கும் முன் அதன் அங்கீகாரத்தை விலக்க மறந்து, எண்ணிக்கை தீர்ந்துபோனவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கும் வசதியைப் பயன்படுத்தலாம்.

பூட்டற்ற கோப்பு உங்களிடம் இருந்தால் சிக்கல்கள் வேறு வகையானவை. ஆனால் எல்லாமே உங்கள் கையால் தீர்க்கக்கூடியவை. இடம் தாராளமாக இருந்தும் கோப்பு பெரியது என்று வன்தட்டு மறுத்தால், அது ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அம்முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. உள்ளே இருப்பவற்றை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். தொலைக்காட்சியில் படம் ஓடி, ஒலி மட்டும் வராவிட்டால், ஒலித்தடம் டிடிஎஸ் வகையாக இருக்கக்கூடும். 2018க்குப் பின் வந்த பல சாம்சங் தொலைக்காட்சிகளும், 2020 முதல் 2022 வரை வந்த பல எல்ஜி தொலைக்காட்சிகளும் அதை ஏற்பதில்லை. படத்தடத்தைத் தொடாமல், ஒலித்தடத்தை மட்டும் ஏசி3 வகைக்கு மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் போன்ற இலவசக் கருவிகள் இதைத் தரமிழப்பின்றிப் படத்தடத்தை வைத்துக்கொண்டே செய்துவிடும்.

ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருள் மூலம் வீட்டுக்குள்ளேயே ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்குப் படம் திணறினால், சர்வர் அதை ஓடும்போதே வேறு வடிவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறதா என்று நிர்வாகப் பக்கத்தில் பாருங்கள். பெரும்பாலும் வசன வரிகளே காரணமாக இருக்கும். ப்ளூ-ரே வட்டிலிருந்து வந்த வசன வரிகள் எழுத்துகளாக இல்லாமல் படங்களாக இருப்பதால், அவற்றைத் திரையில் காட்ட முடியாத சாதனத்துக்காகச் சர்வர் முழுப் படத்தையும் மறுபடி உருவாக்குகிறது. எழுத்து வடிவிலான எஸ்ஆர்டி வசனக் கோப்பைச் சேர்த்துவிட்டால், சிறிய கணினியும் சிரமமின்றிப் படத்தை அனுப்பும்.

விரும்பிய மொழியோ வசன வரியோ இல்லை

ஸ்ட்ரீமிங்கில் எல்லா ஒலித்தடங்களும் சர்வரில் இருப்பதால் ஓடும்போதே மாற்றிக்கொள்ளலாம். பதிவிறக்கத்தில், இறக்கும் நேரத்தில் தேர்ந்தெடுத்திருந்த மொழி மட்டுமே பல செயலிகளில் வரும். மொழியை முதலில் அமைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள். கூடுதல் காட்சிகளும் இயக்குநர் உரையும் ஸ்ட்ரீமிங்கில் மட்டுமே கிடைப்பது வழக்கம்.

வாங்கிய படம் நூலகத்திலேயே இல்லை

அஞ்சுவதற்கு முன் எளிய காரணங்களைப் பாருங்கள். வேறொரு மின்னஞ்சலில் தொடங்கிய கணக்கில் வாங்கியிருக்கலாம். பழைய ரசீதைத் தேடினால் எந்தக் கணக்கு என்பது தெரிந்துவிடும். படம் மறைக்கப்பட்ட பட்டியலில் இருக்கலாம். ஆப்பிள் கணக்கில் மறைத்த வாங்கல்களைக் கணக்கு அமைப்புகளிலிருந்து மீட்கலாம். குடும்பப் பகிர்வில் வேறொருவர் வாங்கிய படமாக இருந்து, அவர் குழுவிலிருந்து விலகியிருக்கலாம். கணக்கின் நாட்டை மாற்றியிருந்தால், பழைய நாட்டின் கடையில் வாங்கியது புதிய நாட்டில் தெரியாமல் போகும். நாட்டை மாற்றும் எண்ணம் இருந்தால், மாற்றுவதற்கு முன்பே இறக்கி வைத்துவிட வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால், படத்தின் உரிமையை வைத்திருக்கும் நிறுவனம் அதைக் கடையிலிருந்து விலக்கியிருக்கலாம். அப்படி நடந்ததற்குச் சான்றுகள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் கடை 2021 ஆகஸ்ட் இறுதியில் திரைப்பட விற்பனையை நிறுத்தியது. மறு ஆண்டு, ஸ்டுடியோகனால் நிறுவனத்தின் படங்கள், வாங்கியவர்களின் நூலகத்திலிருந்தே ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நீக்கப்பட்டன. பல கடைகளில் வாங்கிய படங்களை ஒரே இடத்தில் இணைத்த அல்ட்ராவயலட் சேவை 2011இல் தொடங்கி 2019 ஜூலை 31இல் மூடப்பட்டது. அதற்குள் தம் நூலகத்தைக் கடைகளின் கணக்குகளோடு இணைத்துக்கொண்டவர்களுக்குப் படங்கள் பெரும்பாலும் அங்கே தங்கின. மைக்ரோசாஃப்ட் 2025 ஜூலையில் திரைப்பட விற்பனையை நிறுத்தினாலும், முன்பு வாங்கியவற்றைப் பார்க்க அனுமதிக்கிறது. ஒரு கடை விற்பனையை நிறுத்துவதும், நூலகத்தை மூடுவதும், தனிப்பட்ட படம் விலக்கப்படுவதும் மூன்று வேறு நிகழ்வுகள் என்பதால், அறிவிப்பு வரும்போது அதில் எது சொல்லப்படுகிறது என்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ஏபி 2426 என்ற சட்டம், டிஜிட்டல் பொருளை விற்கும்போது அது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் வாங்கு என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. விற்றவர் பின்னர் பறிக்க முடியாதபடி, இணையமின்றிப் பயன்படுத்த நிரந்தரமாகப் பதிவிறக்கக்கூடிய பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஸ்ட்ரீமிங்குக்கும் பதிவிறக்கத்துக்கும் இடையில் இந்த வழிகாட்டி முழுவதும் நாம் பார்த்த கோட்டை, அச்சட்டமும் ஏறத்தாழ அதே இடத்தில்தான் போடுகிறது.

படம் விலக்கப்பட்டது உறுதியானால், கடையின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். ரசீது எண், வாங்கிய தேதி, கணக்கின் மின்னஞ்சல், எந்தெந்தச் சாதனங்களில் தேடினீர்கள் என்பது ஆகியவற்றை முதல் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். படத்தை மீட்டுத் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருமாறு தெளிவாகக் கேளுங்கள். அதற்கிடையில், ஏற்கெனவே இறக்கி வைத்த நகல் ஏதேனும் ஒரு சாதனத்தில் இருந்தால், அந்தச் சாதனத்தில் கணக்கிலிருந்து வெளியேற வேண்டாம், செயலியை நீக்க வேண்டாம், பதில் வரும் வரை அதை விமானப் பயன்முறையிலேயே வைத்திருங்கள்.